முதல் முறை தோல்வி, இரண்டாம் முறை வெற்றி: போஸ்ட்கிரெஸும் 2018-இன் எஃப்சிங்க் சிக்கலும்

2018 மார்ச் கடைசியில், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மேம்பாட்டாளர்களில் ஒருவரான கிரெய்க் ரிங்கர், ஒரு பயனரின் தரவுத்தளம் கெட்டுப்போனதைப் பற்றிச் சக மேம்பாட்டாளர்களிடம் எழுதினார். ஸ்டோரேஜ் பக்கம் ஏதோ கோளாறு, எழுதச் சொன்னது வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அது எங்கும் நடக்கக்கூடியதுதான். இங்கே சிக்கல் வேறு. போஸ்ட்கிரெஸ் அந்தப் பிழையைப் பார்த்தது, குறித்தும் வைத்தது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயன்றது, இந்த முறை எல்லாம் சரி என்று பதில் வந்தது, அதை நம்பி மேலே போய்விட்டது. தரவு மட்டும் வட்டில் இல்லை. ரிங்கர் கேட்ட மாற்றம் ஒன்றே ஒன்று: இந்தப் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் அந்த இடத்திலேயே விழுந்துவிட வேண்டும், அதாவது ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை ஒரு பிழைக்காக வேண்டுமென்றே விழவைப்பதா என்று தோன்றும். ஆனால் திடீரென்று மின்சாரம் போனாலும் தரவு பிழைத்திருக்க ஒரு தரவுத்தளம் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டை முழுதாகப் பார்த்தால், விழுவதுதான் சரியான பதில் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஏற்பாடு முழுக்க "வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது" என்ற ஒரு பதிலின்மேல் நிற்கிறது, அந்தப் பதிலை எப்போது நம்பலாம் என்பதில்தான் எல்லோரும் தவறிப்போயிருந்தார்கள்.

மின்சாரம் போகும் அந்த நொடிக்கான ஏற்பாடு

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம், இது இல்லாமல் பின்னால் வருவது புரியாது.

ஒரு நிரல் கோப்பில் எழுதினால் அது உடனே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் அதைப் பக்கம் எனப்படும் துண்டுகளாக நினைவகத்தில் பேஜ் கேச் என்ற இடத்தில் வைத்துக்கொண்டு, "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிடும். அந்தப் பக்கத்துக்கு டர்ட்டி என்று ஒரு குறி, அதாவது நினைவகத்தில் இருப்பது புதியது, வட்டில் இருப்பது பழையது. சாதாரண அமைப்பில் இப்படி ஒரு பக்கம் சுமார் 30 விநாடி வரை காத்திருக்கலாம், அதற்குள் மின்சாரம் போனால் அவ்வளவுதான். காத்திருக்க முடியாது, இப்போதே வட்டுக்குத் தள்ளு, முடிந்த பிறகு மட்டும் பதில் சொல் என்று கேட்பதற்கு ஒரு நிரல் கர்னலை அழைக்கும் சிஸ்டம் கால்தான் எஃப்சிங்க்.

ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு மாற்றம் நிரந்தரமானது என்று உறுதிசெய்யும் ஒவ்வொரு முறையும், மாறிய எல்லாப் பக்கங்களையும் எஃப்சிங்க் செய்தால் தரவுத்தளம் நகரவே நகராது. பக்கங்கள் வட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். அதனால்தான் ரைட்-அஹெட் லாக். என்ன மாற்றம் செய்யப்போகிறோம் என்பதை முதலில் லாகில் வரிசையாக எழுது, லாகை மட்டும் எஃப்சிங்க் செய், அது வெற்றி என்றால் பயனரிடம் கமிட் ஆனது என்று சொல். உண்மையான தரவுக் கோப்புகள் பிற்பாடு சாவகாசமாகப் போகட்டும். நடுவில் மின்சாரம் போனால், திரும்ப எழும்போது லாகை முதலிலிருந்து ஓட்டி, விட்டுப்போன மாற்றங்களை மறுபடி செய்துவிடலாம். ஐபிஎம் ஆய்வாளர்கள் 1992-இல் ஏரீஸ் என்ற பெயரில் இந்த முறையை முழுமையாக எழுதி வெளியிட்டார்கள், இன்றைக்கும் பல தரவுத்தளங்கள் அந்த வழியில்தான் போகின்றன. போஸ்ட்கிரெஸுக்கு இது 2001-இல் 7.1 பதிப்பில் வந்தது.

லாக் வளர்ந்துகொண்டே போக முடியாது அல்லவா? அதற்குத்தான் செக்பாயின்ட். போஸ்ட்கிரெஸில் இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை. அதுவரை மாறிய எல்லாப் பக்கங்களையும் தரவுக் கோப்புகளில் எழுதி, கோப்புகளை எஃப்சிங்க் செய்து, எல்லாம் வெற்றி என்று வந்த பிறகு "இந்த இடத்துக்கு முன்னால் இருக்கும் லாக் இனி தேவையில்லை" என்று குறிக்கும். அப்புறம் அந்தப் பழைய லாக் கோப்புகள் நீக்கப்படும் அல்லது மறுபடி பயன்படுத்தப்படும். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செக்பாயின்ட் முடிந்தது என்று தவறாக முடிவெடுத்துவிட்டால், மீட்பதற்குக் கையில் இருந்த ஒரே பிரதியை நாமே அழித்துவிடுகிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, கிழிந்த பக்கம். போஸ்ட்கிரெஸின் பக்கம் 8 கேபி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் பக்கம் இயல்பாக 16 கேபி, வட்டோ 512 பைட் அல்லது 4 கேபி துண்டுகளாகத்தான் எழுதும். பாதிப் பக்கம் எழுதியபோது மின்சாரம் போனால் முன்பாதி புதிது, பின்பாதி பழசு. "இந்த வரியில் இதை மாற்று" என்ற லாக் குறிப்பை அந்தப் பக்கத்தின்மேல் ஓட்டிப் பயனில்லை, அடித்தளமே உடைந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் இதற்காக, ஒவ்வொரு செக்பாயின்டுக்குப் பிறகும் ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது அந்தப் பக்கம் முழுவதையும் லாகில் வைத்துவிடும். இன்னோடிபி வேறு வழி போகிறது: பக்கத்தை முதலில் டபுள்ரைட் பகுதியில் ஒரு முறை எழுதிவிட்டு, அப்புறம் அதன் சொந்த இடத்தில் எழுதும், இரண்டில் ஒன்று எப்போதும் முழுதாக இருக்கும். எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தின் இயல்பான முறையோ தலைகீழ். மாற்றப்போகும் பக்கங்களின் பழைய வடிவத்தை ஜர்னல் கோப்பில் வைத்து எஃப்சிங்க் செய்துவிட்டு, பிறகு தரவுக் கோப்பை மாற்றும். கடைசியில் ஜர்னல் நீக்கப்படும் அந்தக் கணம்தான் கமிட். அடுத்த முறை திறக்கும்போது நீக்கப்படாத ஜர்னல் கிடந்தால், வேலை பாதியில் நின்றது என்று புரிந்துகொண்டு பழையதைத் திரும்ப வைத்துவிடும். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது எஸ்க்யூலைட் வழிதான். ஒரு கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதே முழு முடிவையும் சொல்லிவிடுகிறது.

ஆனால் எந்த வழியில் போனாலும் எல்லாம் எஃப்சிங்கில்தான் வந்து நிற்கும்.

அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது

இப்போது 2018-க்கு வருவோம். நிகழ்வின் வரிசையை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நியாயமாகத்தான் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் ஒரு பக்கத்தைக் கர்னலிடம் கொடுக்கிறது. கர்னல் வாங்கிக்கொள்கிறது, போஸ்ட்கிரெஸ் தன் பக்கம் அதைச் சுத்தமானது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு எப்போதோ கர்னல் பின்னணியில் அதை வட்டுக்கு எழுத முயல்கிறது, ஸ்டோரேஜ் பிழை, எழுத முடியவில்லை. கர்னல் அந்தக் கோப்புக்கு "பிழை வந்தது" என்று ஒரு கொடி நட்டுவைக்கிறது. கூடவே, பலருக்கும் தெரியாத ஒன்றைச் செய்கிறது: எழுத முடியாத அந்தப் பக்கத்திலிருந்து டர்ட்டி குறியை எடுத்துவிடுகிறது. லினக்ஸின் கோப்பு முறைகளான இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் இப்படித்தான். பக்கம் நினைவகத்தில் புதிய உள்ளடக்கத்தோடு இருக்கும், சுத்தமானது என்ற குறியும் இருக்கும், வட்டிலோ பழையது.

செக்பாயின்ட் நேரம் வருகிறது, போஸ்ட்கிரெஸ் எஃப்சிங்க் கேட்கிறது. கர்னல் கொடியைப் பார்த்து "பிழை" என்கிறது, சொன்ன கையோடு கொடியை இறக்கிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் அந்தச் செக்பாயின்டைக் கைவிடுகிறது, பழைய லாகை அழிக்கவில்லை, இதுவரை சரி. கொஞ்ச நேரத்தில் மறுபடி செக்பாயின்ட், மறுபடி எஃப்சிங்க். இப்போது கொடி இல்லை, டர்ட்டி பக்கமும் இல்லை, எழுத வேண்டியது எதுவுமே இல்லை என்பதால் கர்னல் "வெற்றி" என்கிறது. போஸ்ட்கிரெஸ் செக்பாயின்ட் முடிந்தது என்று முடிவுகட்டி, லாகைக் கழித்துவிடுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த நிமிடத்தில் யார் அந்தப் பக்கத்தைப் படித்தாலும் சரியான புதிய தரவுதான் வரும், ஏனென்றால் அது பேஜ் கேச்சில் இருக்கிறது. எந்தச் சோதனையிலும் சிக்காது. நினைவக நெருக்கடியில் கர்னல் அந்தப் பக்கத்தை வெளியேற்றும்போதோ, மின்சாரம் போகும்போதோதான் வட்டில் இருக்கும் பழைய வடிவம் வெளியே வரும். மின்வெட்டிலிருந்து காக்கவே கட்டப்பட்ட ஏற்பாடு, மின்வெட்டு வரும் வரை நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, வந்த அன்று கைவிடும். அட்டவணையில் புதிய வரி இல்லை, இன்டெக்ஸில் மட்டும் அதற்குச் சுட்டி இருக்கிறது என்ற மாதிரி அரைகுறை நிலையில் போய் முடியலாம். மூலப் பிழை நடந்து எவ்வளவோ நாள் கழிந்திருக்கும், யார் தேடினாலும் அன்றைய மின்வெட்டைத்தான் குற்றம் சொல்வார்கள்.

லாக் கோப்பின் எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் முன்பிருந்தே பேனிக் எழுப்பி விழுந்துகொண்டுதான் இருந்தது. தரவுக் கோப்புகளுக்கு மட்டும் "மறுபடி முயலலாம்" என்று விட்டிருந்தார்கள். அதுவும் அலட்சியம் இல்லை. தோற்ற பக்கங்கள் கர்னலிடம் டர்ட்டியாகவே இருக்கும், அடுத்த எஃப்சிங்க் அவற்றை மறுபடி எழுத முயலும் என்ற எதிர்பார்ப்பு அது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் அந்த எதிர்பார்ப்பு பலிக்கவும் செய்யும், அங்கே எழுத முடியாத பக்கம் பொதுவாக டர்ட்டியாகவே வைக்கப்படும். லினக்ஸில் இல்லை.

தோண்டத் தோண்ட வேறொன்றும் வந்தது. போஸ்ட்கிரெஸில் கோப்பைத் திறந்து எழுதுவது ஒரு ப்ராசஸ், பிற்பாடு அதே கோப்பைத் திறந்து எஃப்சிங்க் செய்வது செக்பாயின்டர் என்ற வேறு ப்ராசஸ். 2017 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 4.13-இல் பிழையை அறிவிக்கும் முறையை மாற்றி, பிழை வந்தபோது கோப்பைத் திறந்துவைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தனித்தனியாகச் சொல்லப்படும் என்று ஆக்கியிருந்தார்கள். அதற்கு முன்பு முதலில் கேட்டவருக்கு மட்டும்தான் பதில், அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பிழை நடந்த பிறகு கோப்பைத் திறப்பவருக்கு அது சொல்லப்படாமலே போனது. செக்பாயின்டர் சரியாக அந்த நிலையில் மாட்டக்கூடியது. முதல் எஃப்சிங்க்கூட "வெற்றி" என்று வந்துவிடலாம்! யாருமே பார்க்காத பிழை இருந்தால் அடுத்துத் திறப்பவருக்காவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று 2018-லேயே கர்னலில் திருத்தம் வந்தது.

கர்னல் தரப்பு

இதைப் படித்ததும் கர்னல் மேல் கோபம் வரும். அவர்கள் தரப்பையும் கேட்டுப் பார்ப்பது நியாயம். யாரோ ஒருவர் யுஎஸ்பி டிரைவில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போதே பிடுங்கிவிடுகிறார். அந்தப் பக்கங்களை எழுத இனி இடமே இல்லை. அவற்றை டர்ட்டியாகவே வைத்திருந்தால் அந்த நினைவகத்தை என்றைக்கும் விடுவிக்க முடியாது, குவிந்துகொண்டே போனால் கணினி முழுவதும் முடங்கும். எழுத முடியாததைக் கைவிட்டு, பிழையை ஒரு முறை சொல்லிவிடுவது என்ற முடிவு அங்கிருந்து வந்தது. யுஎஸ்பி டிரைவுக்கு அது பொருந்தும். ஆனால் சற்று நேரத்தில் திரும்பி வரக்கூடிய நெட்வொர்க் ஸ்டோரேஜ், உண்மையில் இருப்பதைவிட அதிக இடம் இருப்பதாகக் காட்டி, இடம் தீர்ந்துபோனால் பிழை தந்துவிட்டு இடம் சேர்த்ததும் சரியாகிவிடும் தின் புரொவிஷனிங், இடம் இல்லை என்பதை எஃப்சிங்க் வரை சொல்லாமல் தள்ளிப்போடக்கூடிய நெட்வொர்க் கோப்பு முறையான என்எஃப்எஸ், இவற்றுக்கெல்லாம் அந்த முடிவு ஆபத்தானது. இங்கே பிழைகள் தற்காலிகமானவை, அதனால் சர்வர் தொடர்ந்து ஓடும், அதனால்தான் சேதம் கண்ணில் படாமல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். வட்டு முழுதாகச் செத்துப்போனால் குறைந்தபட்சம் எல்லோருக்கும் தெரியும்.

எஃப்சிங்க் தோற்ற பின் மறுபடி அழைத்தால் என்ன பொருள் என்பதை யாரும் தெளிவாக எழுதிவைக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் திறமையானவர்கள், ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் கட்டிவிட்டார்கள். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் உறுத்துவது இதுதான்.

விழுந்து எழுவது என்ற தீர்வு

2019 பிப்ரவரி 14 அன்று வெளிவந்த 11.2, 10.7, 9.6.12, 9.5.16, 9.4.21 பதிப்புகளில் திருத்தம் வந்தது, அதாவது அப்போது ஆதரவில் இருந்த எல்லா வரிசைகளுக்கும். தரவுக் கோப்பில் எஃப்சிங்க் தோற்றால் பேனிக், சர்வர் விழும், திரும்ப எழுந்து கடைசியாக உண்மையில் முடிந்த செக்பாயின்டிலிருந்து லாகை ஓட்டும். டேட்டா_சிங்க்_ரீட்ரை என்று ஒரு அமைப்பும் சேர்த்தார்கள், இயல்பில் அது ஆஃப். தோற்ற பக்கங்களைக் கைவிடாத இயங்குதளம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் ஆன் செய்துகொள்ளலாம். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபியும் மோங்கோடிபி பயன்படுத்தும் வயர்டைகரும் இதே வழியில் மாற்றம் செய்தன.

விழுவது ஏன் வேலை செய்கிறது? லாகை மறுபடி ஓட்டும்போது, தொலைந்துபோன அந்தப் பக்கங்கள் மறுபடி எழுதப்படுகின்றன, கர்னலின் கண்ணில் அவை புதிதாக டர்ட்டி ஆகின்றன, அடுத்த எஃப்சிங்குக்கு இப்போது உண்மையிலேயே எழுத ஏதோ இருக்கிறது. முதல் முறை கேட்டதற்கும் இப்போது கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். மறுமுயற்சி என்றால் எஃப்சிங்கை மறுபடி அழைப்பதில்லை, எழுதுவதையே மறுபடி செய்வது. அதற்கான தகவல் லாகில் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை பேர் தங்கள் சொந்த நிரல்களில் எஃப்சிங்கைச் சுற்றி ஒரு லூப் போட்டு "மூன்று முறை முயல்" என்று எழுதியிருப்பார்கள்! தயவுசெய்து போய் அதை எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு என்ற பெயரில் அந்த லூப் பிழையை விழுங்குகிறது.

இத்தோடு கதை முடியவில்லை. 2020-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், ரெடிஸ், லெவல்டிபி, எல்எம்டிபி ஐந்தையும் எடுத்து, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மேல் ஓட்டி, எஃப்சிங்க் தோல்விகளை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார்கள். எந்த நிரலின் உத்தியும் முழுப் பாதுகாப்புத் தரவில்லை என்பது அவர்கள் முடிவு. விழுந்து எழும் உத்தியிலும் ஓட்டை உண்டு: போஸ்ட்கிரெஸ் விழுகிறது, ஆனால் கர்னல் விழவில்லை, பேஜ் கேச் அப்படியே இருக்கிறது. தோற்றது லாக் கோப்பின் எஃப்சிங்க் என்றால், எழுந்தவுடன் போஸ்ட்கிரெஸ் படிக்கும் லாக் கேச்சிலிருந்து வரும், வட்டில் இல்லாத குறிப்புகளும் அதில் இருக்கும். பயனரிடம் "தோல்வி" என்று சொன்ன பரிவர்த்தனை உயிர்பெற்று வரலாம். வட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கேச்சில் இருப்பதைத்தான் கர்னல் காட்டும், சாதாரண வழியில் படிக்கும் நிரலுக்கு வேறுபாடு தெரியவே தெரியாது. நான் இதை நடத்தும் நிலையில் இருந்தால், பிழைப் பதிவில் எஃப்சிங்க் தோல்வியைப் பார்த்த கணத்திலேயே வேறு இயந்திரத்தில் ஓடும் நகலான ரெப்ளிகாவுக்கு மாறிவிட்டு, பழைய இயந்திரத்தை முழுதாக அணைத்து வட்டைச் சோதிப்பேன், அது தானாக எழுந்து ஓடுவதை நம்பி விட்டுவைக்க மாட்டேன்.

வட்டு சொல்லும் பொய்

எஃப்சிங்க் வெற்றி என்பது உண்மையாகவே இருந்தாலும், கீழே வட்டு ஒன்று இருக்கிறது. வட்டுக்குள்ளும் ஒரு கேச் உண்டு, மின்சாரம் போனால் அதுவும் போகும். ஒழுங்கான வட்டு, கேச்சைக் காலி செய் என்ற கட்டளை வந்தால் செய்து முடித்த பிறகுதான் பதில் சொல்லும். சில மலிவான வட்டுகளும் இடையில் இருக்கும் சில அடுக்குகளும் முன்கூட்டியே தலையாட்டிவிடும். இதைப் பிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 7,200 ஆர்பிஎம் வட்டு விநாடிக்கு 120 முறைதான் சுற்றும். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்கை அதன்மேல் ஓட்டி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எஃப்சிங்க் முடிகிறது என்று வந்தால், நடுவில் ஏதோ ஒரு கேச் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கேச்சுக்குப் பேட்டரியோ, எஸ்எஸ்டி என்றால் மின்சாரம் போன பிறகும் எழுதி முடிக்கும் அளவுக்குக் கெப்பாசிட்டரோ இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் உங்கள் கமிட்டுகள் வெறும் வாக்குறுதி. மேக்ஓஎஸ்ஸில் சாதாரண எஃப்சிங்க் வட்டின் கேச்சைக் காலி செய்யச் சொல்வதே இல்லை, அதற்கென்று எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனி அழைப்பு இருக்கிறது.

வேகத்துக்காக அமைப்புகளில் கை வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், இரண்டு அமைப்புகளைப் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ்_கமிட்டை ஆஃப் செய்தால், மின்சாரம் போகும்போது கடைசி அரை விநாடி, கொஞ்சம் கூடுதல் என்ற அளவுக்குக் கமிட்டுகள் தொலையலாம், ஆனால் தரவுத்தளம் முரண்படாமல் முழுதாக எழும். எஃப்சிங்க் அமைப்பையே ஆஃப் செய்தால் வரிசையே குலைந்துவிடும், லாகுக்கு முன்னால் தரவு போகலாம், மின்வெட்டுக்குப் பிறகு மொத்தத் தரவுத்தளமும் குப்பையாகலாம். முதலாவது தெரிந்து எடுக்கும் ஒரு முடிவு. இரண்டாவது, தூக்கிப்போட்டுத் திரும்ப உருவாக்கக்கூடிய தரவுக்கு மட்டும்.

நிரந்தரத் தீர்வு என்று மேம்பாட்டாளர்கள் அப்போதிருந்தே பேசுவது டைரக்ட் ஐஓ, அதாவது கர்னலின் பேஜ் கேச்சைத் தாண்டி நேரடியாக வட்டோடு பேசுவது. அதில் எழுதிய அழைப்புக்கே பிழை திரும்பி வரும், பக்கமும் தரவுத்தளத்தின் கையிலேயே இருக்கும், வட்டின் கேச்சுக்காக மட்டும் எஃப்சிங்க் வேண்டியிருக்கும். ஆனால் கர்னல் இலவசமாகச் செய்துதந்த முன்கூட்டிப் படிப்பது, எழுதுவதைத் திரட்டுவது எல்லாவற்றையும் தானே கட்ட வேண்டும், அது பெரிய வேலை. 2023-இல் போஸ்ட்கிரெஸ் 16-இல் மேம்பாட்டாளர்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்று டைரக்ட் ஐஓ அமைப்பு ஒன்று வந்தது. 2025-இல் 18-ஆம் பதிப்பில் அசிங்க்ரனஸ் ஐஓ வந்தது, அதுவும் படிப்பதற்குத்தான். தரவுக் கோப்புகளுக்கு எழுதுவது அந்தப் பதிப்பிலும் இயல்பாக பேஜ் கேச் வழியாகவே போகிறது, டேட்டா_சிங்க்_ரீட்ரை இயல்பில் ஆஃப் ஆகவே இருக்கிறது.